காஜா பாயின் இடப்பக்கப் பின்சக்கரம்

காயல்பட்டினம் காஜா முஹ்யித்தீன் பாயைப் பற்றி ஆறுமுகநேரி தொடங்கி தூத்துக்குடிப் பக்கத்துப் புதுக்கோட்டை வரைக்கும் இப்போது ஒரு பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது. துபாயிலிருந்து வந்த மகனை ஏர்போர்ட் வாசலில் காக்க வைத்துவிட்டு, கூப்பிடு தூரத்தில் காரை நிறுத்தி, வேண்டுமென்றே சக்கரத்து நட்டை மழுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். மகன் மேல் அவ்வளவு கோபமாம். லீவில் வந்தால் பொண்டாட்டி வீட்டிலேயே கிடக்கிறான், பெற்றவனை எட்டிப் பார்ப்பதில்லை என்று பழிவாங்கினாராம். சொல்கிறவர்கள் எல்லோரும் பக்கத்தில் நின்று பார்த்த மாதிரி சொல்கிறார்கள். நான் அங்கே இருந்தது தெரியாமல் ஒருவன் என்னிடமே சொன்னான். நானும் வாயைப் பிளந்துகொண்டு முழுசையும் கேட்டேன். சும்மா சொல்லக்கூடாது, நடந்ததைவிட நன்றாகவே இருந்தது.

ஆனால் நடந்தது வேறு. அந்தக் காரை பாய்க்கு வாங்கிக் கொடுத்ததே நான்தான். பெயர் மாரிராஜ், பழைய கார் புரோக்கர். புதுக்கோட்டையில் ஏர்போர்ட்டுக்குப் போகிற திருநெல்வேலி ரோட்டு மேல் முப்பிடாதியின் பஞ்சர் கடை இருக்கிறது. அதன் வாசலில் கிடக்கிற லாரி டயர்தான் என் ஆபீஸ். வண்டியைப் பற்றி நான் சொல்வதை யாரும் நம்ப வேண்டாம். ஆளைப் பற்றிச் சொல்வதை நம்பலாம்.

பாய்க்கு அறுபது தாண்டிவிட்டது. வாலிபத்தில் சவூதியில் தம்மாமுக்குப் போய், அங்கே ட்ரெய்லர் ஓட்டி, தாடி நரைத்துத்தான் திரும்பினார். மனைவி ரஹ்மத்துன்னிஸாவை லீவில் பார்த்ததுதான். இனியாவது ஒரே வீட்டில் இருக்கலாம் என்று மூட்டை கட்டி வந்தார். வந்த மறுவருஷமே அந்த அம்மாள் தவறிவிட்டார்கள்.

எங்கள் பக்கம் பெண் புருஷன் வீட்டுக்குப் போகும். காயலில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவார். வீடு பெண்களுக்கு. அதனால் பாய் இன்னும் மனைவி வீட்டு மாடி அறையில்தான் இருக்கிறார். கீழே கொழுந்தியாள் குடும்பம். மரியாதைக்கு ஒரு குறையும் கிடையாது. வேளைக்கு வேளை மூடி போட்ட தட்டில் சோறு படியேறி வந்துவிடும். தட்டை எடுக்க வருகிறவர்கள், "போதுமா?" என்று கேட்பார்கள். இவர், "போதும்" என்பார். சில நாளில் அவர் வாயிலிருந்து வருகிற பேச்சே அது ஒன்றுதான். இதை அவரே ஒரு தரம் சிரித்துக்கொண்டு சொன்னார். நானும் சிரித்துவிட்டு, அப்புறம் ஏன் சிரித்தோம் என்று யோசித்தேன்.

ஒரே பிள்ளை, இஹ்ஸான். அவனுக்கும் அதே வழக்கம்தானே? துபாயிலிருந்து லீவில் வந்தால் மின்ஹா வீட்டில் இறங்குவான். மின்ஹா அவன் மனைவி. வீடு இரண்டு தெரு தள்ளி. பாய் மகனைப் பார்க்கப் போனால் அங்கே அவர் சம்பந்தி. முன்கூடத்தில் நல்ல நாற்காலி போடுவார்கள், வட்டிலாப்பம் வரும். இஹ்ஸானைச் சுற்றி மச்சான்மார், மாமனார், வந்தவர் போனவர். மடியில் குழந்தை, காதில் போன். இவர் சாப்பிட்டுவிட்டு ஸலாம் சொல்லி எழுந்து வருவார்.

அப்படிப்பட்ட மனுஷன் கண்டுபிடித்த ஒரே வழி வாகைகுளம் ஏர்போர்ட். அங்கே ஏறி காயல் போய்ச் சேருகிற வரை காருக்குள் அப்பனும் பிள்ளையும் மட்டும். அதற்காகத்தான் கார் வாங்கினார். மைலேஜ் கேட்கவில்லை, ஏசி கேட்கவில்லை.

"ஏலே மாரிராஜ், முன்னால ரெண்டு பேரு உக்காந்து பேசுனா ரோட்டுச் சத்தம் இடைஞ்சல் பண்ணாதுல்லா?"

"குசுகுசுன்னு பேசலாம் பாய்" என்றேன். பச்சைப் பொய். அந்த வண்டியில் கத்தினால்தான் கேட்கும்.

இந்தத் தடவை மின்ஹா வீட்டில் பெரிய வண்டி எடுத்து எல்லோருமாய் அழைக்கப் போகிறோம் என்றார்களாம். பாய்தான், "வேணாம், நான் போயி கூட்டியாரேன்" என்று கெஞ்சாத குறையாய்ச் சொல்லிவிட்டு வந்தார். வெள்ளைச் சட்டை, அத்தர் வாசனை. முன்சீட்டில் ஒரு பிளாஸ்க் நிறைய பால் விடாத சுலைமானி டீ, இரண்டு கிளாஸ். பிளேன் இறங்க இன்னும் நேரம் இருந்தது. எங்கள் கடைக்கு நூறடி முன்னால் இடப்பக்கப் பின்சக்கரம் ஆணி வாங்கிப் படுத்துவிட்டது.

"பஞ்சர் கடை வாசல்லயே பஞ்சர். பாய், உமக்கு ராசி ஒசத்தி" என்று நான்தான் சொன்னேன். என் வாயில் வேறென்ன வரும்?

ஸ்டெப்னி நல்லதாகவே இருந்தது. மாற்றினால் முடிந்தது வேலை. முப்பிடாதி ஜாக்கி வைப்பதற்கு முன்னால் நட்டுகளை இளக்கப் பார்த்தான். மூன்று நட்டு முனகிக்கொண்டு வந்தது. நாலாவதில் ஸ்பேனர் வழுக்கியது. இன்னும் ஒரு தரம் அழுத்தினான். மூலையெல்லாம் மழுங்கி, நட்டு கோலிக்குண்டு மாதிரி ஆகிவிட்டது.

"யாரு பாய் இதை முறுக்குனது? மனுசனா, மாடா?"

"நான்தாம்ப்பா."

"கையாலயா?"

"கால்ல. ஸ்பேனர்ல பைப்பு மாட்டி, மேல ஏறி நின்னேன்."

முப்பிடாதி என் பக்கம் திரும்பினான். "ஏலே, நீ இவருக்கு கார வித்தியா, கன்டெய்னர் லாரிய வித்தியா?"

பாலைவன ரோட்டில் ஒரு ட்ரெய்லரின் சக்கரம் கழன்று தனியாக ஓடியதை பாய் கண்ணால் பார்த்திருக்கிறார். அந்த டிரைவர் பிழைக்கவில்லை. அன்றிலிருந்து லோடு ஏற்றும்போதெல்லாம் பைப்பு மாட்டி ஏறி மிதிப்பது இவருக்குப் பழக்கம். இந்தச் சின்ன காரிலும் வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து வந்ததும் அதே மிதி. போதாததற்கு கடற்கரை ஊரின் உப்புக் காற்று. நட்டும் போல்ட்டும் ஒரே இரும்பாகிவிட்டன.

தலைக்கு மேல் சத்தம் கேட்டது. இஹ்ஸான் மாறி ஏறிய சென்னை பிளேன் தாழ்ந்து போனது. பாய் கண்ணுக்குக் கை வைத்துப் பார்த்தார்.

"அந்தா எறங்குதான்" என்றார், எங்கள் யாரிடமும் இல்லை.

முப்பிடாதி டீசலை ஊற்றி, உளியை வைத்து ஓரத்தில் தட்டினான். நட்டின் தோல்தான் உரிந்தது. பாயின் போன் அடித்தது, இஹ்ஸான்.

"இந்தா வந்துட்டேம்ப்பா. பக்கத்துலதான் நிக்கேன்."

போனை வைத்ததும் நான் சொன்னேன்: "பாய், பஞ்சர்னு சொல்லிர வேண்டியதான? இல்ல, ஆட்டோவ அனுப்பி இங்கன கூட்டியாந்துருவோம்."

"சொன்னா அவன் மின்ஹாகிட்ட சொல்லுவான். அவுக உடனே வண்டி அனுப்பிருவாக. கழண்டுரும்ல, இந்தா கழண்டுரும்."

கழலவில்லை. ஒரு சைஸ் சின்ன பாக்ஸ் ஸ்பேனரை நட்டின் மேல் அடித்து இறுக்கினால்தான் பிடிக்கும் என்றான் முப்பிடாதி. அந்த சைஸ் அவனிடம் இல்லை. வெல்டிங் பட்டறை செல்வினுக்குப் போன் போட்டான். செல்வின் சோற்றில் கை வைத்திருந்தான். "ரசம் ஊத்திட்டு வாரேன்" என்றான். பாய் மண்ணில் முட்டி போட்டு, வெறும் ஸ்பேனரை அந்த மழுங்கல் மேல் மாட்டி மாட்டித் திருகினார். மாட்டும்போதெல்லாம் வழுக்கிற்று. வெள்ளைச் சட்டை போன இடம் தெரியவில்லை. மறுபடி போன். மறுபடி, "இந்தா வந்துட்டேன்." அதற்கப்புறம் போன் அடிக்கவில்லை. பாய் அதை எடுத்து எடுத்துப் பார்த்தார். சார்ஜ் இருந்தது.

செல்வின் வந்து பாக்ஸை வைத்துச் சம்மட்டியால் அடிக்க ஆரம்பித்தபோது, ஏர்போர்ட் பக்கமிருந்து ஒரு பெரிய வெள்ளை வண்டி எங்களைத் தாண்டிப் போனது. கொஞ்சம் தள்ளி பிரேக் போட்டு, பின்னாலேயே வந்தது. இஹ்ஸான் இறங்கினான். தூத்துக்குடிக்கு சாமான் வாங்க வந்திருந்த மின்ஹா வீட்டார், அவன் தனியே நிற்பதைப் போனில் கேள்விப்பட்டு, போய் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார்கள்.

"என்ன வாப்பா, பஞ்சர்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"இப்பதாம்ப்பா ஆச்சு."

கழற்றிய நட்டு, உளி, டீசல் டின், முட்டியில் மண். அவன் எல்லாவற்றையும் பார்த்தான். அப்பனைக் கட்டிப் பிடித்தான். பாயின் கையெல்லாம் கிரீஸ். மகன் சட்டையில் பட்டுவிடக் கூடாதென்று இரண்டு கையையும் அகலமாய் விரித்து வைத்துக்கொண்டு, முழங்கையால் மட்டும் அணைத்தார்.

"நீங்களும் ஏறுங்க வாப்பா, சேந்து போவோம்."

வண்டிக்குள் மின்ஹா, குழந்தை, மச்சான்மார் இரண்டு பேர். பின்னால் பெட்டிகள் கூரையைத் தொட்டன.

"எங்க ஏற? பெட்டி மேலயா? நீ போ. புள்ள வெயில்ல வாடுது பாரு. நான் பின்னாலயே வாரேன்."

"வருவீங்கல்லா?"

"வாரேம்ப்பா."

வண்டி போய்விட்டது. செல்வின் பைப்பு மாட்டி, முப்பிடாதியும் அவனும் சேர்ந்து ஒரு தொங்கு தொங்கினார்கள். டக்கென்று நட்டு இளகிக்கொண்டது. வழக்கமாய் இப்படி வம்பு பண்ணுகிற நட்டை முப்பிடாதி அதன் வம்சத்தையே திட்டி ரோட்டில் எறிவான். அன்றைக்கு ஓசைப்படாமல் டின்னில் போட்டான்.

பாய் கை கழுவிவிட்டு பிளாஸ்கைத் திறந்தார். இருந்தது இரண்டே கிளாஸ். முப்பிடாதிக்கும் செல்வினுக்கும் ஊற்றினார், அப்புறம் கழுவி எனக்கு. தனக்கு ஊற்றிக்கொள்ளவில்லை.

"பாய், நான் வேணா முன்னால உக்காந்து காயல் வரைக்கும் வாரேன். பஸ்ல திரும்பிக்கிடுதேன்" என்றேன். நிஜமாகவே சொன்னேன்.

"வேணாம்ல. ஆத்தூர் பாலம் தாண்டுறதுக்குள்ள என் வண்டிய எவன்கிட்டயாவது வித்துருவ."

சிரித்தோம். அவர் வண்டியை எடுத்துக்கொண்டு போனார். அந்தப் பக்கம் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன், மெதுவாகத்தான் போனார்.

லீவு முடிந்து இஹ்ஸானை வழியனுப்ப மின்ஹா வீட்டார் இரண்டு வண்டி எடுத்தார்கள். பாய்க்கு இரண்டாவது வண்டியில் இடம். பேச்சு கிளம்பியது அதற்கப்புறம்தான். அப்பனும் மகனும் ஒரே வண்டியில் வரவில்லை என்பதை யாரோ கவனித்திருக்கிறார்கள். மிச்சத்தை வாய்கள் சேர்த்துக்கொண்டன.

போன வாரம் காற்றடிக்க வந்தவரிடம் கேட்டுவிட்டேன். கேட்காமல் இருக்க என்னால் முடியாது.

"பாய், ஊருல என்ன சொல்லுதானுவ தெரியுமா? மகன் மேல கோவத்துல நட்ட நீரே மழுக்கிட்டீராம். அவனப் பழிவாங்கத்தான் அங்கனயே உக்காந்துட்டீராம்."

குனிந்து டயரை அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார்.

"எவம்ல சொன்னான்?"

"எல்லாரும்தான்."

"கோவம்னா சண்டை போடணும்ல. சண்டை போட அவன் எம் பக்கத்துல உக்காரணும். அதுக்குத்தாம்ல போனேன். நட்டு கழலல."