அத்தையின் கருப்புத் திரை

எங்கள் அத்தைக்குப் புதியது எதுவும் பிடிக்காது என்றுதான் வீட்டில் எல்லாரும் நம்பினோம். அப்பாவின் அக்கா அவள். கல்யாணம் செய்துகொள்ளாமல் கருவடிக்குப்பத்தில் எங்களோடேயே இருந்தாள். டவுனில் ஒரு மொழிபெயர்ப்பு அலுவலகத்தில் டைப் அடிக்கும் வேலை. பிரான்சுக்குப் போகிற குடும்பங்களின் பிறப்பு, கல்யாணச் சான்றிதழ்களைப் பிரெஞ்சில் அடித்துக் கொடுக்க வேண்டும்.

அங்கே எல்லாரும் புதிய சாஃப்ட்வேருக்கு மாறிய பிறகும் அத்தை மட்டும் டைப் அடிக்கும் பழைய எடிட்டர் புரோகிராம் ஒன்றை விடவில்லை. கருப்புத் திரை, வெள்ளை எழுத்து, மவுஸ் கிடையாது. அழிக்க, நகர்த்த, சேமிக்க, எல்லாவற்றுக்கும் கீபோர்டுதான். விரல்கள் தம் பாட்டுக்கு ஓடும், பிழை வராது. அதனால் முதலாளியும் பொறுத்துக்கொண்டார். யாராவது புதியதைச் சொல்லிக் கொடுத்தால் தலையாட்டிவிட்டு, மறுநாள் கருப்புத் திரைக்கே போய்விடுவாள். "பழைய குருடி, கதவத் தெறடி" என்று அம்மா கேலி செய்வாள்.

நான் அப்போது ஆறாம் வகுப்பு. பள்ளியில் கம்ப்யூட்டர் கற்றுக்கொண்ட திமிர் தலைக்கேறியிருந்த காலம். ஒரு விடுமுறை நாளில் அத்தையோடு அலுவலகம் போனேன். சாயங்காலம் ஒருவர் ஓடிவந்து, சான்றிதழில் ஊர்ப்பெயர் தப்பாயிருக்கிறது, உடனே திருத்த வேண்டும் என்றார். அதை அடித்த பெண் அன்று லீவு. அவளுடைய கம்ப்யூட்டரில் திருத்தித் தரும்படி முதலாளி அத்தையைக் கூப்பிட்டார்.

"முழுசா என்னுதுலயே அடிச்சுக் குடுத்துட்றேன் சார். பத்து நிமிஷம்."

"ஒரு வார்த்தைக்கா?"

நான் சும்மா இருந்திருக்கலாம். "ரொம்ப ஈசி, வா அத்த" என்று இழுத்துவந்து உட்காரவைத்து, மவுஸை அவள் கையில் திணித்தேன்.

அத்தை அதை நகர்த்தினாள். தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பித் திரையைத் துழாவினாள். பிறகு என்னிடம் மெதுவாக, "அம்பு எங்கடி இருக்குது?" என்றாள்.

"அதோ ஓரத்துல. கண்ணு முன்னாடியே இருக்குதே" என்று எல்லாருக்கும் கேட்கும்படி சிரித்தேன். மற்றவர்களும் சிரித்தார்கள். முதலாளி சிரிக்கவில்லை. அத்தையின் கன்னத்துக்குப் பக்கத்தில் கையை அசைத்துப் பார்த்தார். அவள் கவனிக்கவேயில்லை.

"எத்தினி நாளாம்மா இப்பிடி?" என்றார்.

அவளுக்குப் பார்வை ஓரங்களிலிருந்து சுருங்கிக்கொண்டே வந்திருக்கிறது. நேரே இருக்கும் எழுத்து தெரியும். எங்கோ மூலையில் நிற்கும் அம்பு தெரியாது. பழைய எடிட்டரில் எதையும் தேட வேண்டியதில்லை. வேலை போய்விடுமே என்று வீட்டில்கூடச் சொல்லாமல் அவள் மறைத்து வைத்திருந்ததை நான்தான் போட்டுடைத்தேன். அந்த மாதத்தோடு வேலை போயிற்று. இது எனக்குப் புரியப் பல வருஷம் ஆனது. இன்றும் நினைத்தால் என்மேல் எனக்கே வெறுப்பாக வருகிறது.

அன்று எனக்கு ஒரே பெருமை. அலுவலகத்தை விட்டுக் கிளம்பும்போது இருட்டத் தொடங்கியிருந்தது. பஸ்ஸுக்காகச் சாலையைக் கடக்கையில் அத்தை வழக்கம்போல என் கையை இறுகப் பிடித்தாள்.

"நான் என்ன கொழந்தையா? நானே வருவேன்" என்று கையை உதறிவிட்டு ஓடினேன். எதிர்ப்பக்கம் போய்த் திரும்பிப் பார்த்தால், அத்தை நான் கையை விட்ட இடத்திலேயே நின்றுகொண்டிருந்தாள். கூப்பிட்டும் வரவில்லை. நான் சிரித்ததற்குக் கோபித்துக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்தேன்.