காக்கைக்கு வைத்த சோறு

அன்று நான் ஏன் என் கணவரின் கையைப் பிடித்துத் தடுக்கவில்லை? இன்னும் எனக்குத் தெரியவில்லை.

அவர் ரிச்சர்ட்சன் என்ற அமெரிக்க நகரில் எஞ்சினியர். வேலையை விட்டுவிட்டு, ஊருக்கு வெளியே வாங்கிய நிலத்தில் எங்கள் உணவை நாங்களே விளைவித்து வாழ வேண்டும் என்பது அவர் ஆசை. பழகிக்கொள்வதற்காக வீட்டின் பின்புறம் கோழி வளர்த்தோம். சென்னையில் செய்ததுபோல நான் தினமும் கோழிக்கூண்டருகே காக்கைக்குச் சோறு வைத்தேன். காக்கை வரவில்லை. பொழுது சாய்ந்ததும் ஒரு ரக்கூன் வந்து தின்றது. பூனையைவிடக் கொஞ்சம் பெரியது, கண்ணைச் சுற்றிக் கறுப்பு. எங்கள் ஏழு வயது மகள் மீனா, "கெஸ்ட் வந்தாச்சு!" என்று குதிப்பாள்.

ஒரு காலை பார்த்தால் கூண்டு முழுக்க ரத்தம். கோழிகள் தலையில்லாமல் கிடந்தன. ரக்கூனின் வேலைதான் என்று அவர் பொறி வைத்தார். மறுநாள் ரக்கூனின் கால் அதில் சிக்கியது. மண்வெட்டியால் அடித்தார். அது குழந்தைபோல் வீறிட்டது.

"மீனாவை உள்ளே கூட்டிட்டுப் போகட்டுமாங்க?"

"பார்க்கட்டும். நிலத்துக்குப் போனா இதையெல்லாம் யார் செய்வா, உங்கப்பாவா?"

மீனா என்னைப் பிடித்து உலுக்கினாள். "அம்மா, நீதானே அதுக்கு டெய்லி ரைஸ் போட்டே! ஸ்டாப் பண்ணச் சொல்லு!"

சத்தம் அடங்கியதும் குழாயைத் திறந்து தரையைக் கழுவினேன்.

அடுத்த மாதம் அந்த நிலத்துக்கே குடிபோகிறோம். அங்கே முதல் கோழியை மீனாதான் அறுக்க வேண்டுமாம். மீனாவுடன் இங்கேயே இருந்துவிடட்டுமா? பிள்ளை பெற்றவர்கள் யாராவது சொல்லுங்கள்.