பெனடிக்ட் அண்ணன் சொல்லாத பெயர்

பெனடிக்ட் அண்ணன் இறந்த செய்தி எங்கள் உதைபந்தாட்டக் கழகத்தின் வாட்ஸ்அப் குழுவில்தான் வந்தது. காலை ஏழு மணி இருக்கும். குழுவில் அப்போது பெரிய சண்டை. காதலியை அடித்த வழக்கில் சிக்கிய ஒரு வெளிநாட்டு நட்சத்திர வீரர் முந்தைய நாள் ஆட்டத்தில் இரண்டு கோல் போட்டிருந்தார். அவரைக் கொண்டாடலாமா கூடாதா என்று ஆளுக்கொரு பக்கம் நின்றார்கள். நானும் என் பங்குக்கு, "நமக்கு அவர் கால்தான் முக்கியம், அவர் வீடு இல்லை" என்று தட்டி அனுப்பினேன். அனுப்பிய பிறகுதான் அதற்கு நேர் மேலே இருந்ததைக் கண்டேன்: "நம்ம அனவுன்சர் பெனடிக்ட் அண்ணன் காலமானார். பூதவுடல் குண்டசாலை வீட்டில்." என் செய்தியை உடனே அழித்தேன். அதற்குள் பாதிப் பேர் பார்த்துவிட்டார்கள்.

கண்டியிலும் அக்குறணையிலும் அலவத்துகொடையிலும் உதைபந்தாட்டம் பார்த்த உங்களுக்கு அவர் முகம் நினைவில் இல்லாமல் இருக்கலாம். குரல் நினைவிருக்கும். வாரநாட்களில் கண்டி நகரத்துப் புடவைக் கடையொன்றில் பில் எழுதினார். சனிக்கிழமை பகலானால் வெள்ளை ஷேர்ட் போட்டு, கைக்குட்டையால் மைக்கைத் துடைத்துவிட்டு உட்கார்ந்துவிடுவார். தன் குரலைப் பற்றி அவருக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. ஒருமுறை பெனால்டி உதைக்க ஒருவன் ஓடி வந்துகொண்டிருக்கும்போது, "நீல நிறக் குடையொன்று கண்டெடுக்கப்பட்டுள்ளது" என்று அறிவித்தார். உதைக்க வந்தவன் சிரித்துப் பந்தை மதிலுக்கு மேலே அனுப்பிவிட்டான். நான் கோபமாகப் போய் நின்றபோது, "சிரிக்கிறவன் பெனால்டி அடிக்க வரக்கூடாது, செக்ரட்டரி" என்றார். நான் கழகத்தின் செயலாளர். கடைசிவரை அவர் என்னை அப்படித்தான் கூப்பிட்டார்.

அன்று காலை நான் குழுவில் எழுதியதை எனக்குச் சொல்லித் தந்ததே அவர்தான் என்றால் நம்பமாட்டீர்கள். ஆட்டம் முடிந்து தேத்தண்ணிக் கடையில் உட்காரும்போது, அந்த நட்சத்திரம் குடிகாரன், இந்த நட்சத்திரம் வரி ஏய்த்தவன் என்று யாராவது ஆரம்பித்தால் அண்ணன் பாய்ந்து விழுவார். "கோல் போடுற காலுக்கு நற்சான்றிதழ் கேக்குறீங்களா? அத கிராம சேவகர்கிட்டயா போய் வாங்குறது?" என்பார். கடையே சிரிக்கும். எனக்கு அந்த வார்த்தை மிகவும் வசதியாக இருந்தது. அவர் அதைக் கைவிட்ட பிறகும் நான் விடவில்லை.

எங்கள் அணியில் பதினோராம் இலக்கம் அணிந்து விளையாடியவனை உங்களுக்குத் தெரியும். அவன் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. இடது பக்கக் கோட்டை ஒட்டி அவன் பந்தோடு ஓடுவதைப் பார்த்தால் நாங்கள் எல்லோரும் கதிரையை விட்டு எழுந்துவிடுவோம். குண்டசாலையில் பெனடிக்ட் அண்ணன் வீட்டுக்குப் பின்னால் இருந்த அனெக்ஸில் மனைவியோடும் பிள்ளையோடும் வாடகைக்கு இருந்தான். மூன்று வருடங்களுக்கு முன், கிண்ணப் போட்டியின் காலிறுதிக்கு இரண்டு நாள் இருக்கும்போது, அண்ணன் நான் வேலை செய்யும் அச்சகத்துக்கு வந்தார். கதிரை போட்டும் உட்காரவில்லை.

"நேத்து சாயந்தரம் அனெக்ஸ்ல இருக்கிற புள்ள, அவன் பொஞ்சாதி, எங்க குசினில வந்து நின்னுச்சி. காதுல ரத்தம். என் வீட்டுக்காரி மேரி துணிய வச்சி அமுக்குறா. அது என்னா சொல்லுது தெரியுமா? 'பொலிசுக்குச் சொல்லிறாதீங்க, சனிக்கிழம மேட்ச் இருக்கு'ன்னு சொல்லுது."

அவன்தானா என்று கேட்டேன். இது முதல் தடவை இல்லை என்றார்.

"ஒரு மேட்சுக்கு அவன உக்கார வைங்க, செக்ரட்டரி. ஏன்னு அவனுக்கு மட்டும் தெரிஞ்சாப் போதும்."

என் கையில் ஒரு கல்யாண அழைப்பிதழின் புரூஃப் இருந்தது. அதிலிருந்து தலையைத் தூக்காமலே, "அண்ணே, அது குடும்ப விஷயம். காலிறுதி முடியட்டும், பேசிக்குவோம்" என்றேன். அவர் படியிறங்கிப் போனார். நான் அந்த அழைப்பிதழில் ஓர் எழுத்துப் பிழையைத் திருத்திவிட்டு அடுத்த வேலையைப் பார்த்தேன்.

சனிக்கிழமை அவன் விளையாடினான், கோலும் போட்டான். அண்ணன் அந்தக் கோலைக் கொஞ்சமும் குறைக்கவில்லை. நடுக்கோட்டிலிருந்து வலைக்குள் போகும்வரை பந்தோடு கூடவே ஓடியது அவர் குரல். ஆனால் கடைசியில், "கோல்! பதினோராம் இலக்கம்!" என்று மட்டும் சொன்னார். மற்ற பத்துப் பேருக்கும் பெயர் இருந்தது, அவனுக்கு மட்டும் இலக்கம். ஆட்டம் முடிந்ததும் இது என்ன கூத்து என்று கேட்டேன்.

"கோல மறைச்சா நான் பொய்யன். பேரச் சொல்லிக் கொண்டாடுனா நான் அவன் கூட்டாளி. ரெண்டும் எனக்கு ஏலாது" என்றார்.

சனங்கள் முதலில் மறதி என்று நினைத்தார்கள். அரையிறுதியில் கூவென்று கத்தினார்கள். அலவத்துகொடையில் நடந்த இறுதிப் போட்டியில் தண்ணீர்ப் போத்தலொன்று மேடைப் பக்கம் வந்து விழுந்தது. கிண்ணத்தைக் கொடுத்த அக்குறணைக் கடைக்கார ஹாஜியார் என்னைக் கூப்பிட்டார். "என்ன செக்ரட்டரி இது? சனம் பேரக் கேக்குது, இவர் நம்பரச் சொல்லிக்கொண்டு ஈக்கிறார். ஆள மாத்துங்க" என்றார். ஹாஜியாருக்கு ஒன்றும் தெரியாது. அவர் மேல் பழி இல்லை. எனக்கு எல்லாம் தெரியும்.

இடைவேளையில் அண்ணனிடம் போய், "குடுங்கண்ணே, கொஞ்சம் ரெஸ்ட் எடுங்க" என்றேன். அவர் என்னை ஒருதரம் பார்த்தார். மைக்கைத் துடைத்துத்தான் தந்தார். கைக்குட்டையை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கண்டி பஸ் ஏறப் போய்விட்டார். இரண்டாம் பாதியில் அவன் இரண்டு கோல் போட்டான். மைக்கில் அவன் பெயரை நான் தொண்டை கிழியச் சொன்னேன். மைதானமே என்னோடு சேர்ந்து சொன்னது. சந்தோஷமாகவும் இருந்தது, அதையும் மறைக்கக்கூடாது.

அதன்பிறகு நான் அவரைக் கூப்பிடவே இல்லை. கேட்டவர்களிடம், அண்ணனுக்குத் தொண்டை சரியில்லை என்று சொல்லி வைத்தேன். சில மாதம் கழித்துக் கண்டி பஸ் நிலையத்தில் எதிர்ப்பட்டார். நான் எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல் நின்றேன். "என் தொண்டை எப்படி இருக்கு, செக்ரட்டரி?" என்று கேட்டுச் சிரித்துவிட்டு, பழம் வாங்கிய பையிலிருந்து இரண்டு தோடம்பழத்தை என் கையில் திணித்தார். அன்றைக்காவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். பஸ் வந்துவிட்டது என்று ஓடினேன். வந்தது என் பஸ்கூட இல்லை.

குண்டசாலை மரண வீட்டில் பெட்டிக்குப் பக்கத்தில் மேரி அக்காவோடு ஒரு பெண் இருந்தார். அவனுடைய மனைவி. இறுதிப் போட்டி முடிந்த சில மாதங்களில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தாய் வீட்டுக்குப் போனவர். அவன் இப்போது வெளிநாட்டில் எங்கோ வேலை செய்கிறானாம். வெளியே பந்தலில் என் பக்கத்துக் கதிரையில் வந்து உட்கார்ந்து, நான் கேட்காமலே பேசினார்.

"நான் மேட்சுக்கு வந்தே ஆகணும்ணே. வரலன்னா அதுக்கும் அடி. எல்லாரும் அவர் பேரச் சொல்லிக் கத்துவாங்க, நானும் கை தட்டணும். மைக் மட்டும் பதினொன்னுன்னு சொல்லும். இவ்வளவு கூட்டத்துல ஒருத்தருக்காவது தெரிஞ்சிருக்குன்னு நெனச்சிக்குவேன். அத வச்சி வீட்டுக்குப் போயிருவேன்."

கதிரையை என் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"பைனல்ல ரெண்டாவது பாதியில மைக்கும் பேரச் சொல்லிருச்சி. சனம் கத்துன கத்துல யார் குரல்னு பிரிஞ்சி தெரியல. அண்ணனும் மாறிட்டாருன்னு நெனச்சி அன்னைக்குத்தான் ரொம்ப அழுதேன். அது அவர் குரல் இல்லன்னு மேரி அக்கா சொல்லித்தான் தெரியும். யாருன்னு அவங்களுக்கும் தெரியல, அண்ணன் சொல்லவே இல்லியாம். நீங்கதானே செக்ரட்டரி. யாருண்ணே அது?"

"ஞாபகம் இல்லம்மா" என்றேன். பெட்டி அவ்வளவு கிட்ட இருக்கும்போது அதைச் சொன்னேன்.

கழகத்தின் நினைவு மலருக்கு இரண்டு பக்கம் எழுதித் தாருங்கள் என்று கேட்டபோது, அண்ணனின் குரல் வளத்தைப் பற்றி எழுதிக் கொடுத்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு அந்தப் பெண்ணிடம் மேரி அக்கா மூலம் கேட்டேன். பெயர் வேண்டாம், நடந்ததை எழுதலாம் என்று சொல்லி அனுப்பினார். அண்ணனிடமிருந்து நான் வைத்துக்கொள்ள ஒன்று இருக்கிறது. ஒருமுறை அவர் ஒரு கோலைத் தவறான ஆளுக்குச் சொல்லிவிட்டார். கோல் போட்டவனிடம் போய்த் தனியாகச் சொன்னால் போதுமே என்றேன். "மைக்கில சொன்னதக் காதுல திருத்துனா அது களவு, செக்ரட்டரி" என்றார். பரிசளிப்பின்போது, சனம் முழுக்க நிற்கும்போது, மைக்கிலேயே திருத்தினார். மன்னிப்புக் கேட்பதில் கஞ்சன், திருத்துவதில் அப்படி இல்லை. அதை நான் எடுத்துக்கொள்கிறேன். அவர் இருக்கும்போது எடுத்திருக்க வேண்டியது.

தங்கச்சி, அன்று மைதானத்தில் நின்ற எல்லோருடைய கைக்கும் இந்த மலர் போகும், உங்கள் கைக்கும் வரும். நீங்கள் கேட்ட அந்தக் குரல் என்னுடையது. உங்கள் காதில் ரத்தம் வந்தது எனக்கு முன்பே தெரியும். தெரிந்துதான் அந்தப் பெயரைச் சொன்னேன்.