சும்மா வைத்த கொசுவம்

காலையில் காலிங்பெல் அடித்தால் இப்போதெல்லாம் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. கதவைத் திறந்தால் தெருவில் கர்நாடகா நம்பர் போட்ட கார் நிற்கும். முன்பின் பார்த்திராத ஒரு பெண் பட்டுச்சேலையைக் கையில் வைத்துக்கொண்டு, நெரிகெ மடிக்கிற வீடு இதுதானே என்று கன்னடத்தில் கேட்பாள். நம் ஊரில் கொசுவம் என்கிறோமே, அதற்கு இங்கே ஓசூர்ப் பக்கத்துக் கன்னடத்தில் நெரிகெ என்று பெயர். நான் பக்கத்து வீட்டைக் கை காட்டுவேன். எங்கள் கோவில்பட்டிப் பக்கம் என்றால் வழி கேட்டு வந்தவளையும் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்திருப்பேன். இங்கே அவளுக்கும் நேரமில்லை, எனக்கும் மனசில்லை. பொறாமைதான். இதற்கு வேறு நல்ல பெயர் வைக்க எனக்குத் தெரியவில்லை.

கணவருக்கு ஓசூரில் கியர் கம்பெனி வேலை கிடைத்து நாங்கள் வந்தபோது, எனக்குக் கைவந்த ஒரே வித்தை சேலை கட்டிவிடுவது. ஊரில் சொந்தத்தில் எந்தக் கல்யாணம் என்றாலும் பெண்ணுக்குக் கட்டிவிட என்னைத்தான் கூப்பிடுவார்கள். இங்கே பக்கத்து வீட்டு பாக்யாவின் மகளுக்குச் சடங்கு வந்தபோதும் நானாகவே போனேன். முதல் நாளே கொசுவத்தை விரல் அகலத்துக்கு மடித்து, இஸ்திரி போட்டு, கிளிப் மாட்டிவைப்பது என் வழக்கம். எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே இருந்த பாக்யா கடைசியில் எவ்வளவு தரட்டும் என்று கேட்டாள். முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. எங்கள் ஊரில் இதற்கெல்லாம் காசு வாங்க மாட்டோம் என்று கொஞ்சம் சூடாகவே சொன்னேன். அது கோபம் என்று அவளுக்குப் புரியவில்லை. பெரிய மனசு என்று நினைத்துக் கும்பிட்டாள். அப்படியானால் எனக்கும் சொல்லித்தாருங்கள் அக்கா என்றாள். சொல்லிக்கொடுத்தேன்.

அடுத்த தை மாதத்துக்குள் அவள் வீட்டில் நீள மேசை, ஆவி இஸ்திரிப்பெட்டி, அவள் பெயர் ஒட்டிய அட்டைப்பெட்டிகள் எல்லாம் வந்துவிட்டன. மடித்த சேலை கூரியரில் பெங்களூருக்கும் சென்னைக்கும் போனது. வாங்குகிறவள் செருகிப் பின் குத்தினால் போதும். நான் சும்மா செய்துவிட்டு மறந்துபோனதை அவள் பெட்டியில் போட்டு விற்றாள். இத்தனைக்கும் அவள் மடிக்கிற முந்தி கொஞ்சம் கோணல். பார்க்கிறவர்களுக்குத் தெரிந்தால்தானே.

வைகாசியில் அண்ணன் மகளுக்குக் கல்யாணம் வைத்தார்கள். பள்ளிக்கூட ஆண்டுவிழாக் காலத்திலிருந்து அவளுக்குச் சேலை கட்டிவிட்டது நான்தான். முகூர்த்தச் சேலைக்கும் என் கைதான் என்று இருந்தேன். ஒருநாள் போன் செய்தாள்.

"அத்தை, உங்க ஓசூர்ல ஒரு அக்கா சூப்பரா மடிச்சுத் தராங்க. சேலைய அனுப்பிட்டேன். நீங்க வரும்போது வாங்கிட்டு வந்துருங்க."

உங்களுக்கு எதற்குச் சிரமம் என்று வேறு சொன்னாள்.

நான் கிளம்புவதற்கு முந்தின நாள் பாக்யாவே அந்தச் சேலையும் அட்டைப்பெட்டியுமாக என் வீட்டுக்கு வந்தாள். சானமாவு காட்டு ரோட்டில் யானை நிற்கிறதாம், அவளிடம் வேலை செய்கிற பெண்ணால் வர முடியவில்லை.

"உங்க ஊர் ஆர்டர் அக்கா இது. நீங்களே மடிச்சிடுங்க. இந்த வாட்டி துட்டு வேணாம்னு சொல்லக்கூடாது."

யாருடைய சேலை என்று நான் சொல்லவில்லை; ஊருக்குப் போகும்போது நானே கொடுத்துவிடுகிறேன் என்று மட்டும் சொன்னேன். காசும் வேண்டாம் என்றேன். கதவைச் சாத்திவிட்டுச் சேலையை விரித்தேன். உள்மடிப்பைக் கொஞ்சம் தளர்த்திவிட்டால் போதும், மணமேடையில் சரியும், பாக்யாவின் பேர் நாறிப்போகும். நினைத்தேன், இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் அதைக் கட்டிக்கொண்டு நிற்கப்போவது நான் தூக்கி வளர்த்த பிள்ளை. என் ஆயுசில் அப்படி ஒரு நேர்த்தியான கொசுவம் நான் மடித்ததில்லை. பெட்டியில் வைத்து, பாக்யாவின் பெயரையும் என் கையாலேயே ஒட்டினேன்.

மண்டபத்தில் பெண்கள் கூடிவிட்டார்கள். மடிப்பைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள், பெட்டியில் இருந்த பெயரைப் போட்டோ எடுத்தார்கள். பொறுக்கமாட்டாமல், மடித்தது நான்தான் என்று சொல்லிவிட்டேன். அண்ணன் பெண்டாட்டி, என் மதினி, திரும்பிப் பார்த்தாள்.

"நீயா? அப்ப அவகிட்ட வேலைக்கா போற?"

பக்கத்தில் நின்ற ஒருத்தி தன் மகள் நிச்சயத்துக்கு எவ்வளவு ஆகும் என்று கேட்டாள். வீம்புக்கு, பாக்யா வாங்குகிற தொகையையே சொல்லி என் நம்பரைக் கொடுத்தேன். மதினி அதையும் கேட்டுக்கொண்டிருந்தாள். கிளம்பும்போது தாம்பூலப் பையோடு ஐந்நூறு ரூபாயை என் கையில் திணித்தாள்.

"வச்சுக்கோ. உனக்கும் தொழிலாயிப்போச்சுல்லா."

அவள் முகத்தில் கேலி இல்லை. அதனால்தான் வலித்தது. திருப்பிக் கொடுக்கக் கை நீண்டது. பிறகு அதை மடக்கி, ரூபாயைப் பர்ஸில் வைத்துக்கொண்டேன்.

பஸ் கிருஷ்ணகிரி தாண்டும்போது விடிந்திருந்தது. போன் அடித்தது. பேசியவளை எனக்குத் தெரியாது, யாரோ நம்பர் கொடுத்தார்களாம். ஓசூரில் சேலை மடித்துத் தருகிறவர்தானே, கோவில்பட்டிப் பக்கம் கூரியர் அனுப்புவீர்களா என்று கேட்டாள். அனுப்புவேன் என்றேன். விலாசம் சொன்னாள். நான் பிறந்து வளர்ந்த தெரு. தெருப் பெயரை எப்படி எழுதுவது, பின்கோடு என்ன என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டேன்.