அங்கி அறையில் முளைப்பாரி

சாந்தன்பாறைக்கு மேலே, ஜீப்பே மூச்சு வாங்குகிற மேட்டில் ஓர் ஆலயம் கட்டினேன். கல் சுமந்தது நான். கூரைத் தகடு கேட்டு ஆனைக்கரை வரை கடை கடையாக ஏறி இறங்கியது நான். தண்ணீர்த் தொட்டி, கழிப்பறை, மணிக்கூண்டு, சனிக்கிழமை தையல் வகுப்பு, ஒயரிங் எல்லாம் என் கை. ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டு ஏலக்காய்க் காட்டில் களை வெட்டப் போனவன், வேதப் புத்தகத்தை எழுத்துக்கூட்டிப் படித்தே தமிழ் கற்றவன், இத்தனையும் செய்தேன். இறையியல் கல்லூரி வாசலை நான் மிதித்ததில்லை. மிதித்தவர்கள் என் பிரசங்கத்தைக் கேட்க ஜீப் பிடித்து வந்திருக்கிறார்கள். ஆனால் இவை எல்லாவற்றையும் விடப் பெரிய காரியம் ஒன்றைப் போன ஆடி மாதம் செய்தேன். நினைத்தால் இப்போதும் உடம்பு சிலிர்க்கிறது.

அந்த ஆடியில் மழை விடவே இல்லை. ஆலயத்துக்குக் கீழே தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயம். அதன் பின்பக்க மேட்டில் கை நுழைகிற அளவுக்கு விரிசல். வெள்ளிக்கிழமை காலையில் வில்லேஜ் ஆபீசிலிருந்து ஆள் வந்து, உடனே காலி செய்யுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். நான் ஆலயத்தை நிவாரணக் கேம்பாகத் திறந்துவிட்டேன். ஆண்களும் பிள்ளைகளும் பாய் சுருட்டி ஏறி வந்துவிட்டார்கள். பெண்கள் வரவில்லை.

காரணம் முளைப்பாரி. மாரியம்மன் கொடைத் திருவிழாவுக்காகச் சட்டிகளில் நவதானியம் தூவி, லயத்தின் கடைசி அறையை இருட்டாக்கி ஐந்து நாளாக வளர்த்துக்கொண்டிருந்தார்கள். பயிரில் வெளிச்சம் படக்கூடாது. விரதம் இருக்கிற ஒரு அம்மாளைத் தவிர யாரும் உள்ளே போகக்கூடாது. பயிர் வாடினால் சட்டி வைத்த வீட்டுக்கு ஆகாது என்பது நம்பிக்கை.

குடையைக்கூட விரிக்காமல் ஓடினேன். அந்த அம்மாள் கதவை மறித்து உட்கார்ந்திருந்தார்.

"மண்ணு வாயத் தொறந்து நிக்கிது. எந்திரிங்கம்மா!"

"இதுகள விட்டுட்டு எங்கன வர, பாஸ்டரய்யா? ஆத்தா கோவிச்சுக்கிடுவா."

"அப்பச் சட்டியையும் தூக்கிட்டு வாங்க."

"ஒங்க கோயில்ல இருட்டுக்கு எங்க போக? எட்டுப் பக்கமும் சன்னல் வச்சிருக்கீகளே!"

அந்த ஆபத்திலும் பெண்கள் சிரித்துவிட்டார்கள். அப்போதுதான் என் மூளையில் மின்னல் அடித்தது. பீடத்துக்குப் பின்னால் அங்கி மாற்றும் அறை! அதற்குச் சன்னலே கிடையாது. "இருக்கு, இருக்கு!" என்று கத்தினேன்.

சட்டிகளுக்குக் கம்பளி போர்த்தி, கொட்டுகிற மழையில் குலவை போட்டுக்கொண்டு வரிசையாக ஏறி வந்தார்கள். ஆலய வாசலில் எங்கள் கமிட்டிக் காரியதரிசி இரண்டு கையையும் விரித்து நின்றார்.

"என்ன காரியம் பண்ணுதீக? பீடத்துக்குப் பின்னால அம்மன் பாரியா? கமிட்டி ஒங்களத் தூக்கிரும், பாத்துக்கிடுங்க."

"தூக்கட்டும். மொதல்ல கைய எறக்குங்க, பொம்பளைகளுக்குத் தல கனக்குது."

இறக்கினார். போனைத் திறந்தால் ஒரு மதத்துக்காரன் இன்னொரு மதத்துக்காரனை வைகிற வீடியோதான் வந்து விழுகிற காலம் இது. அதையெல்லாம் பார்த்துவிட்டு வந்து வாசலில் நின்றால் கை தானாக விரியும், அவரைச் சொல்லிக் குற்றமில்லை. ஆனால் என் விசுவாசம் ஒரு சட்டிப் பயிரைக் கண்டு பயப்படும் என்றால், அது எனக்கு எதற்கு?

சட்டிகளை வைத்ததும் அந்த அம்மாள் கதவைச் சாத்தினார். "இனி நீங்களும் உள்ள வரக்கூடாதுய்யா." என் அங்கி உள்ளே, திருவிருந்துக் கிண்ணம் உள்ளே! போதாததற்கு, நான் இழுத்த ஒயரிங்கில் ஆலயத்து விளக்கைப் போட்டால் அந்த அறை விளக்கும் எரியும். ஒயர் மிச்சம் பிடிக்க அப்படிச் செய்திருந்தேன். ஃபியூசையே பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை விளக்கில்லை, மைக்கில்லை, அங்கியில்லை. ஸ்வெட்டரோடு நின்று, தகரக் கூரை மழையை மிஞ்சிப் பிரசங்கித்தேன். எனக்கு எதற்கு மைக்? திருவிருந்து நேரம் வந்ததும் அறைக் கதவு ஒரு சாண் திறந்தது. அந்த அம்மாள் கிண்ணத்தை முந்தானையில் பொதிந்து கொண்டுவந்து நீட்டினார்.

"நல்லாத் தொடச்சிருக்கேன்ய்யா."

விரதக் கை கொடுத்த கிண்ணத்தை என் கை வாங்கியது. பாயில் உட்கார்ந்திருந்த லயத்து ஜனமும் பெஞ்சில் இருந்த சபையும் எட்டி எட்டிப் பார்த்தார்கள். இரக்கத்தைப் பற்றி நான் வருஷக்கணக்காகக் கத்திச் சொன்னதை அந்த அம்மாள் ஒரு நிமிடத்தில் செய்து காட்டினார். முதலில் எழுந்து வந்து மண்டியிட்டவர் காரியதரிசி. அதையும் எழுதுகிறேன், ஏன் மறைக்க வேண்டும்?

திங்கட்கிழமை லயத்துக்குப் பின்னால் இருந்த மேடு சரிந்து இறங்கியது. முளைப்பாரி இருந்த கடைசி அறையின் சுவர் அப்படியே உள்ளே விழுந்தது. அப்போது அங்கே ஒரு ஆள்கூட இல்லை, எல்லாரும் ஆலயத்தில் இருந்தார்கள். செவ்வாய்க்கிழமை என் ஆலய வாசலிலிருந்து கொட்டோடு பாரி புறப்பட்டது. பயிர் முழ உயரம்!

இப்போது சபையின் ஆண்டு மலர் அச்சுக்குப் போகிறது. அதில் இந்தச் சங்கதிக்கு ஒரே ஒரு வரி: "சபைக் கமிட்டியின் நல்முயற்சியால் மழைக்காலத்தில் அனைவருக்கும் கதவு திறக்கப்பட்டது." எந்தக் கமிட்டி? கமிட்டி திங்கட்கிழமை சாயங்காலம்தான் கூடியது. அதுவும் என்னை நீக்குவதா என்று பேசக் கூடி, மண் சரிந்த செய்தி கேட்டுக் கலைந்தது. கதவு தானாகத் திறக்காது, ஒரு ஆள் திறக்க வேண்டும். ஆகையால் மலர்க் குழுவுக்கு இதைத் தெளிவாகச் சொல்கிறேன். சட்டி இல்லாமல் நகரமாட்டேன் என்று அந்த அம்மாள் உட்கார்ந்ததை முதலில் எழுதுங்கள். அடுத்த வரியில், அங்கி அறையைக் கொடுத்தது பாஸ்டர் என்று எழுதுங்கள். காரியதரிசி மறித்ததை வேண்டுமானால் விட்டுவிடுங்கள், நான் கேட்கமாட்டேன். என் வரியை விட்டால் மலரை அச்சுக்கு விடமாட்டேன்.