தாய்மாமன் பேரைச் சொன்னவள்

என் தங்கை பேச்சி, மட்டாஞ்சேரியில் மூட்டை சுமக்கிற சுமட்டுக்காரர்களின் கழுத்தை ஆராய்ச்சி செய்தவள். காயலுக்கு அக்கரையில் இருந்த ஒரு சின்னப் பல்கலைக்கழகத்தில் சமூகப்பணி எம்.ஏ. படித்தாள். அங்கே படிக்கிறவர்கள் ஏதாவது ஓர் இடத்துக்குப் போய், சனங்களோடு பழகி, அவர்களுக்கு உபயோகப்படுகிற ஒன்றைக் கண்டுபிடித்து எழுத வேண்டும். மற்றவர்கள் தூரத்து ஊர்களைக் கேட்டு வாங்கினார்கள். இவள் எங்கள் பஜாரையே கேட்டாள்.

காரணம் எங்கள் தாய்மாமன் முப்பிடாதி. சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்து, படகுகள் அணையும் ஜெட்டியில் மிளகுச் சாக்கும் சுக்குச் சாக்கும் சுமந்து, அந்தக் கூட்டத்துக்கே மூப்பன் ஆனவர். அப்பா இறந்த பிறகு எங்களுக்குச் சோறு போட்டதும் பேச்சியைப் படிக்க வைத்ததும் அவர் கழுத்துதான். நாற்பது வயதிலேயே அவரால் தலையை மட்டும் திருப்ப முடியாது. யாராவது கூப்பிட்டால் உடம்போடு திரும்புவார். பிடரியில் தேங்காய் மூடியைக் கவிழ்த்த மாதிரி ஒரு புடைப்பு. அவர் கூட்டத்தில் பாதிப் பேருக்கு அதே புடைப்பு இருந்தது.

சாக்கு இத்தனை கிலோதான் இருக்க வேண்டும் என்று முதலாளிகளும் யூனியனும் பேசிவைத்த அளவு ஒன்று உண்டு. சாக்கு அதைவிடக் கனக்கிறது என்று சுமப்பவர்கள் எல்லாருமே சொன்னார்கள். ஆனால் தராசெல்லாம் கிடங்குக்குள்ளே முதலாளிகள் வசம் இருந்தது. ஆகவே பேச்சி தன் டீச்சர் கமலாக்ஷியிடம் பேசி, சாக்கை வைத்து எடை பார்க்கும் இரும்புத் தராசு ஒன்றைப் பல்கலைக்கழகத்திலிருந்தே கொண்டுவர ஏற்பாடு செய்தாள். அதை அக்கரையிலிருந்து வரும் படகான போட்டிலிருந்து இறக்கும் வேலை மாமாவின் ஆட்களுக்கு என்றும் முன்கூட்டியே பேசி முடித்தாள். ஜெட்டியில் இறங்கும் எந்தப் பாரத்தையும் அவர்கள்தான் தொடலாம். வேறு ஒருவன் தூக்கினால் அந்த உரிமை போயிற்று என்று அர்த்தம். அதற்காக அந்தப் படிகளில் கை கால் முறிந்தவர்கள் உண்டு.

1982-ல் மழை விட்டிருந்த ஒரு காலையில் தராசு வந்தது. நான் எதிர்க் கிடங்கில் மிளகு புடைத்துக்கொண்டிருந்தேன். வாசலிலிருந்து எல்லாம் தெரிந்தது. டீச்சர் முதலில் இறங்கினார், பின்னால் பேச்சியும் அவளோடு படிக்கிற சிலரும். மாமாவின் ஆட்கள் துண்டைச் சும்மாடு கூட்டிக்கொண்டு படியில் நின்றார்கள். அப்போது பேச்சியோடு படித்த வைத்தீஸ்வரன் தராசைத் தானே தோளில் ஏற்றிக்கொண்டான். நல்ல பிள்ளை. மட்டாஞ்சேரி அக்ரகாரத்திலேயே பிறந்தவன்தான், ஆனால் ஜெட்டிப் பக்கம் அவனுக்கு என்ன வேலை?

"நீங்க எடுக்க வேண்டாம் சேட்டா," என்றான் மாமாவிடம். "இந்தக் கழுத்தைப் பாக்கத்தானே நாங்க வந்திருக்கோம்."

பிரியமாகத்தான் சொன்னான். மேல்மாடியில் சாயா குடித்துக்கொண்டிருந்த கிடங்குக் கணக்கப்பிள்ளை ஒருவர் அங்கிருந்தே சிரித்தார். "மூப்பா, இனிமே காலேஜ் பிள்ளேரு போதும். நீங்கள்லாம் வீட்டுக்குப் போகலாம்."

மாமா கீழே வைக்கச் சொன்னார். பேச்சியும் கத்தினாள். வைத்தீஸ்வரன் சிரித்தபடி அடுத்த படியில் கால் வைத்தான்.

சாக்கைக் குத்தி இழுக்கும் இரும்புக் கொக்கி மாமா கையில் இருந்தது. அதை அவன் தோளில் போட்டு, சாக்கை இழுப்பது போலவே இழுத்தார். கொக்கி கழுத்தெலும்புக்குக் கீழே இறங்கிச் சதையோடு வெளியே வந்தது. தராசு படியில் உருண்டு தண்ணீருக்குள் விழுந்தது. மற்ற மாணவர்கள் மாமா மேல் பாய்ந்தார்கள். உடனே கூட்டம் முழுவதும் அவர்கள் மேல் பாய்ந்தது. ஒரு பையனின் முகத்தைப் படிக்கல்லில் வைத்துத் தேய்த்தார்கள். இன்னொருவன் போட்டின் கயிற்றைப் பிடித்துத் தொங்கினான். அவன் விரல்களை மிதித்தார்கள். டீச்சரைப் பிடித்துத் தள்ளினார்கள். பேச்சி நடுவில் புகுந்து வைத்தீஸ்வரனின் காயத்தில் தன் தாவணியை வைத்து இரண்டு கையாலும் அமுக்கிக்கொண்டே இருந்தாள். அவள் முதுகிலும் அடி விழுந்தது. அவள் கையை எடுக்கவில்லை.

அவன் பிழைத்தான். ஆனால் அந்தக் கை அதற்கப்புறம் தோளுக்கு மேல் எழும்பவே இல்லை.

போலீஸ் வந்து விசாரித்தபோது ஜெட்டியில் இருந்த ஒருவருமே எதையும் பார்க்கவில்லை. சாயாக்கடைக்காரர் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாராம். மேல்மாடிக் கணக்கப்பிள்ளை அன்றைக்கு லீவாம். வைத்தீஸ்வரனுக்கு யார் அடித்தது என்று தெரியாது, கொக்கி பின்னாலிருந்து வந்தது. டீச்சரும் மற்ற மாணவர்களும் பயந்துபோய் யார் என்று சரியாகத் தெரியாது என்றார்கள், நானும் கிடங்குக்குள் இருந்தேன் என்றேன். பேச்சி ஸ்டேஷனுக்குத் தானாகவே போய், "எங்க தாய்மாமன் முப்பிடாதி. நான் பார்த்தேன்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தாள்.

கோர்ட்டில் அவள் அதைச் சொல்லாமல் இருக்க மாமாவின் ஆட்கள் எங்களை என்னவெல்லாம் செய்தார்கள். ஓட்டுக்கூரையில் கல் விழாத நாளில்லை. கதவில் கொக்கியால் கீறினார்கள். கிடங்கில் என் பக்கத்தில் உட்கார்ந்து புடைப்பவள் மாமாவின் மனைவி அங்கம்மாள். ஒருநாள் என் முடியைப் பிடித்துத் தலையைப் பின்னால் வளைத்து, முறத்தில் ஒதுக்கியிருந்த மிளகுத் தூசியை இரண்டு கண்ணிலும் கொட்டித் தேய்த்தாள். "உந் தங்கச்சி கண்ணு என்ன பார்த்துச்சுன்னு இப்பம் நீ சொல்லுட்டி," என்றாள். சுற்றி இருந்த பெண்கள் புடைப்பதை நிறுத்தவில்லை. மூன்று நாள் என்னால் கண்ணைத் திறக்க முடியவில்லை. பேச்சிதான் தண்ணீர் ஊற்றிக் கழுவினாள்.

"வேண்டாம்னா சொல்லு அக்கா," என்றாள். "ஆனா மாமா பண்ணலன்னு மட்டும் நான் சொல்ல மாட்டேன்."

நான் வேண்டாம் என்று சொல்லவில்லை.

கோர்ட்டில் மாமா கூண்டில் நின்றார். பேச்சி கையை நீட்டி அவரைக் காட்டினாள். தன்னை வளர்த்தவர் என்றும் சொன்னாள், கொக்கி எந்தத் தோளில் எப்படி இறங்கியது என்றும் சொன்னாள். ஒரு வருஷம் தண்டனை. வெளியே வரும்போது அங்கம்மாள் அவள் முகத்தில் துப்பினாள். பேச்சி முந்தானையால் துடைத்துக்கொண்டு போட்டுக்கு நடந்தாள்.

பல்கலைக்கழகத்தில் இனி யாரும் மட்டாஞ்சேரிக்குப் போகக் கூடாது என்று முடிவு செய்தார்கள். கமலாக்ஷி டீச்சர் அவளைக் கூப்பிட்டு வைப்பின் தீவுப் பக்கம் மீன் விற்கும் பெண்களைப் பற்றி எழுதச் சொன்னார். பேச்சி கேட்கவில்லை. இப்போது விட்டுவிட்டால் அந்த ஆட்களுக்குத் தான் செய்தது மாமாவை ஜெயிலில் போட்டது ஒன்றுதான் என்று ஆகிவிடும் என்றாளாம். டீச்சர் அரைமனதோடு சம்மதித்தார். பேச்சி தனியாகவே ஜெட்டிக்கு வந்தாள். முதல் நாள் அவள் மேல் மீன் கழுவின தண்ணீரை ஊற்றினார்கள். இன்னொரு நாள் தள்ளிவிட்டதில் படியில் விழுந்து முன்பல் போயிற்று. மறுநாள் வாய் வீங்கியபடியே வந்து அதே படியில் உட்கார்ந்தாள்.

கடைசியில் சுப்புராஜ் என்பவர்தான் அவள் முன்னால் சட்டையைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார். மாமாவோடு பல வருஷம் சுமந்தவர். மற்றவர்கள் ஏசினார்கள். அவர் அவர்களைப் பார்த்து, "சொந்த மாமனையே உள்ள வெச்சவ, முதலாளிக்காக ஒரு கிலோ கொறச்சா எழுதப் போறா?" என்று கேட்டார். அவர்களுக்கு அதுநாள்வரை இருந்த பயம் அதுதான்: இவள் எழுதுவது யார் கைக்குப் போகும், யாரை வேலைக்கு லாயக்கில்லை என்று தள்ளுவார்கள் என்று. அதன் பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். தண்ணீரில் கிடந்த தராசை அவர்களே முங்கி எடுத்தார்கள். துரு சுரண்டி, பல்கலைக்கழகத்தில் சரிபார்த்து, திரும்ப ஜெட்டிக்குக் கொண்டுவந்தபோது சுப்புராஜும் இன்னொருவரும் இறக்கினார்கள். சாக்குகள் பேசிய அளவைவிடக் கூடுதலாகத்தான் இருந்தன, அதுவும் எப்போதும் ஒரே கிடங்குகளின் சாக்குகள். பேச்சி அதை எழுதித் தொழில் அலுவலகத்தில் கொடுத்தாள். யூனியன் அதை வைத்துக்கொண்டு வேலையை நிறுத்தியது. அந்தக் கிடங்குகள் சாக்கின் கனத்தைக் குறைத்தன.

மாமா வெளியே வந்தபோது ஜெட்டியில் அவருக்கு இடமில்லை. வேறு மூப்பன் வந்துவிட்டார். சாயங்காலம் குடித்துவிட்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். பேச்சி எழுந்து, "வாங்க மாமா," என்றாள்.

"எங் கழுத்துல உக்காந்துதானட்டி நீ பள்ளிக்கூடம் போன?" என்று கேட்டுக்கொண்டே அவளை அடித்தார். அவள் கையைத் தூக்கித் தடுக்கக்கூட இல்லை. கீழே விழுந்தவளின் வயிற்றில் மிதித்தார். பிறகு கழுத்தைப் பிடித்துச் சுவரோடு வைத்து நெரித்தார். அவள் கண் மேலே சொருகியது. நான் அம்மிக் குழவியைத் தூக்கி அவர் தலையில் போட்டேன். ஒரு தடவை போதாது என்று தோன்றியதால் இன்னொரு தடவை.

ஆஸ்பத்திரிக்கு சப்-இன்ஸ்பெக்டர் வந்தார். அக்கம்பக்கத்தார் எல்லாரும், குடித்துவிட்டு வாசல்படியில் வழுக்கி விழுந்தார் என்றார்கள். அங்கம்மாள் அழுதுகொண்டு வாயே திறக்கவில்லை. கட்டுப்போட்ட தலையோடு கிடந்த மாமா, "விழுந்துட்டேன் சார்," என்றார். என்னைப் பார்க்கவில்லை. சப்-இன்ஸ்பெக்டருக்கும் அதுவே போதுமாக இருந்தது. எழுதத் தொடங்கினார்.

பேச்சிக்குக் குரல் சரியாக வரவில்லை. கழுத்தில் விரல் பதிந்த நீலம் இருந்தது.

"முதல்ல மாமா என்னை அடிச்சாரு. கழுத்த நெரிச்சாரு. அப்புறம் எங்க அக்கா ஆவுடையம்மாள் குழவியால அவர அடிச்சா. ரெண்டு தடவ. எல்லாத்தையும் எழுதுங்க சார்."

மாமா படுக்கையில் கிடந்தபடியே, "ஏட்டி, ஒனக்குக் கிறுக்கா?" என்றார்.

சப்-இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்து உண்மையா என்று கேட்டார். ஆமாம் என்றேன். இரண்டாவது அடி அவர் கை தளர்ந்த பிறகா, முன்பா என்று கேட்டார். பிறகு என்றால் அது தங்கையைக் காப்பாற்ற அடித்த அடி ஆகாது. அதற்கும் பேச்சிதான் முந்திக்கொண்டு பதில் சொன்னாள். பிறகுதான் என்றாள்.

ஸ்டேஷனுக்கு நடந்தே போனோம். பஜாரில் ஆட்கள் வழிவிட்டு நின்றார்கள். எனக்கு விலங்கு போடவில்லை. அவளுக்கு நடக்க வலித்ததால் என் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.