அய்லித் செய்த சத்தியம்

ஆலை ஓடையில் கிடந்தவன் ஹாமோ என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். பின்மண்டையில் யாரோ பலமாக அடித்திருந்தார்கள். உடலைத் தூக்கிவந்து களஞ்சியத்தில் கிடத்தி, சாக்கைப் போட்டு மூடினார்கள். அவன் மனைவி அய்லித் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அழுகைகூட இன்னும் சரியாக வரவில்லை. அதற்குள் ஊர்த்தலைவர் சிகர் வந்து நின்றார்.

"தங்கச்சி, ராஜா அதிகாரி ஷெரீப்போட ஆளு மத்தியானத்துக்குள்ள வந்துருவான். செத்தது நம்ம ஆளுன்னு நீ சத்தியம் பண்ணணும்."

"நம்ம ஆளுதானே அண்ணே?"

"அதேதான். இந்த மண்ணுல பொறந்தவன்னு சொல்லிரு, போதும்."

"அவரு பொறந்தது கடலுக்கு அந்தப் பக்கமாச்சே."

சிகர் தலையில் கைவைத்துக்கொண்டார். "அதைத்தான் சொல்லக்கூடாதுங்கறேன்!"

பிரான்சிலிருந்து படையோடு வந்து இங்கிலாந்தைப் பிடித்த புது ராஜா வில்லியம், தன் ஆட்களைக் காப்பாற்ற ஒரு சட்டம் போட்டிருந்தார். கொலையானவன் பிரெஞ்சுக்காரன் என்றால், கொன்றவனைப் பிடித்துக் கொடுக்கவேண்டும். முடியாவிட்டால் சுற்றுவட்டாரம் முழுக்கச் சேர்ந்து அபராதம் கட்டவேண்டும். அடிபட்டுக் கிடக்கும் பிணம் யாருடையதானாலும் பிரெஞ்சுக்காரன் என்றே எடுத்துக்கொள்வார்கள். இல்லை, ஆங்கிலேயன்தான் என்று சொந்தக்காரர்கள் சத்தியம் செய்தால் விட்டுவிடுவார்கள்.

ஹாமோ வந்த நாளில் அவனைப் பிரெஞ்சுக்காரன் என்று காறித் துப்பியது இதே ஊர். கோட்டை கட்டுவதற்காக ராஜாவின் ஆட்கள் அய்லித்தின் அப்பா வீட்டை இடித்தார்கள். இடித்த இடத்தில் மண் சுமக்க வந்த கூட்டத்தில் ஒருவன்தான் ஹாமோ. அவள் அண்ணன் வில்லியமின் படையை எதிர்த்த பெரிய சண்டைக்குப் போய்த் திரும்பவே இல்லை. அவனைக் கொன்றவர்களோடு கப்பல் ஏறி வந்தவனை அவள் ஏன் கட்டிக்கொண்டாள் என்று கேட்டால், அவள் ஒரு பானையைத்தான் காட்டுவாள். இடிபாட்டிலிருந்து அவள் அம்மாவின் பானையை உடையாமல் எடுத்துவந்து கொடுத்தான். மறுநாளும் வந்தான். கோட்டை முடிந்து மற்றவர்கள் போனபிறகும் வந்தான்.

அப்புறம் வண்டிச் சக்கரம் செய்துகொண்டு இங்கேயே தங்கிவிட்டான். அவள் காய்ச்சும் பியரைக் குடித்துவிட்டு, குதிரை மூத்திரம் இதைவிட நன்றாக இருக்கும் என்பான். இந்த ஊர்ப் பேச்சில் அவன் முதலில் கற்றது கெட்டவார்த்தைகளைத்தான். தூக்கத்தில் மட்டும் அவன் பாஷையில் பேசுவான். பக்கத்தில் படுத்துக் கேட்டுக் கேட்டு அவளுக்கும் அந்தப் பாஷை வந்துவிட்டது.

பக்கத்து வீட்டு டோலா வந்து அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏன்டி யோசிக்கிற? சாமி கோவிச்சுக்கும்னா?"

"அவரு யாருன்னே இப்ப எனக்குக் கொழப்பமா இருக்குடி."

"பியரு குடிச்சா மூக்கு செவக்கும், மழை வந்தா திட்டும். நம்ம ஆளு இல்லாம வேற யாரு?" டோலாவின் சிரிப்பு பாதியில் நின்றது. "என் வீட்ல இருக்கறது ஒரே பசு. அதையும் ஓட்டிட்டுப் போனா புள்ளைங்களுக்கு எதைக் குடுப்பேன்?"

மதியம் ஷெரீப்பின் ஆள் வந்தான். கூடவே ஒரு எழுத்தரும், மொழிபெயர்க்க ஒருவனும். ஊரார் ஓக் மரத்தடியில் உடலைக் கொண்டுவந்து வைத்தார்கள். பாதிரியார் புனிதரின் எலும்பு வைத்த பெட்டியோடு நின்றார்.

குதிரையில் இருந்தபடியே ஷெரீப்பின் ஆள் தன் பாஷையில் ஏதோ சொன்னான். ஊரார் விழித்தார்கள். அய்லித் முன்னால் போய், சாக்கை விலக்கி, ஹாமோவின் தலையை மெல்லத் திருப்பிக் காயத்தைக் காட்டினாள்.

காயத்தைக் காட்டு என்றுதான் அவன் சொல்லியிருந்தான். மொழிபெயர்ப்பவன் இன்னும் வாயே திறக்கவில்லை.

சிகரின் முகம் வெளுத்துவிட்டது. குதிரைமேல் இருந்தவன் அவளையே பார்த்து, அதே பாஷையில் நிதானமாகக் கேட்டான், இவன் உனக்கு என்ன வேண்டும், எங்கே பிறந்தவன் என்று.

ஒவ்வொரு வார்த்தையும் அவளுக்குப் புரிந்தது. ஹாமோ பேசுவதுபோலவே அவனும் வார்த்தையின் கடைசியை விழுங்கினான். அவள் ஒன்றும் புரியாதவள்போல மொழிபெயர்ப்பவனின் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவன் சொல்லி முடிக்கும்வரை நின்றாள்.

பிறகு பெட்டிமேல் கைவைத்தாள். "என் புருஷன், வண்டிச் சக்கரம் செய்யறவரு. இந்த மண்ணுல பொறந்தவரு."

சிகரின் தம்பி முன்வந்து, செத்தவன் தனக்குப் பெரியப்பா மகன் என்று சத்தியம் செய்தான். அவன் குரல் பிசிறே இல்லாமல் வந்தது.

ஷெரீப்பின் ஆள் எழுத்தரிடம் திரும்பித் தன் பாஷையில் சொன்னான். "பொய் சொல்கிறாள். இவன் நம் நாட்டுக்காரனாகத்தான் இருக்கவேண்டும். போகட்டும், சக்கரம் செய்கிறவன்தானே. ஆங்கிலேயன் என்றே எழுது, மழை வரப்போகிறது."

அதுவும் அவளுக்குப் புரிந்தது. தான்தான் ஹாமோவைக் கைவிட்டோம் என்று ஒரு கணம் முன்புவரை நினைத்திருந்தாள். இப்போது அவனைக் கைவிட்டது யார் என்று அவளுக்கே தெரியவில்லை.

குதிரைகள் கிளம்பியதும் ஊருக்கு மூச்சு வந்தது. டோலா அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். சிகர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"ஊரையே காப்பாத்திட்ட தங்கச்சி."

"அண்ணே, அடிச்சது யாருன்னு இனிமே யாராவது தேடுவாங்களா?"

சிகர் தரையைப் பார்த்தார். "நம்ம ஆளு செத்தா எவன் தேடறான்?"

நாலு பேர் ஹாமோவைத் தூக்கினார்கள். எல்லோரும் அவன் செய்த சக்கரத்தில் வண்டி ஓட்டியவர்கள், அவள் கையால் பியர் வாங்கிக் குடித்தவர்கள். சகதியில் வழுக்காமல் பார்த்துப் பார்த்து நடந்தார்கள். அய்லித் அந்த நாலு முதுகுகளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே கல்லறைத் தோட்டத்துக்குப் பின்தொடர்ந்தாள்.